கிரிவலப் பாதையின் செலவுக் கணக்கு: அடி அண்ணாமலை வழியே ஒரு நடைவழியின் வரலாறு

திருவண்ணாமலையில் அண்ணாமலை மலையைச் சுற்றி ஏறத்தாழ 14 கி.மீ. நீளத்துக்கு அமைந்துள்ள வழி கிரிவலப் பாதை எனப்படுகிறது. ஒவ்வொரு பௌர்ணமியிலும் பெருந்திரளான மக்கள் இதில் நடக்கின்றனர். கார்த்திகைத் தீபத்தன்றும் சித்திரா பௌர்ணமியன்றும் அந்த எண்ணிக்கை பல இலட்சமாக உயர்கிறது. மற்ற நாள்களில் இதே பாதை மலையைச் சுற்றியுள்ள ஊர்மக்களின் அன்றாட வழியாக இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளின் மிதிவண்டியும் பால்காரரின் வண்டியும் இதில்தான் செல்கின்றன.

இந்தப் பாதையின் சமயச் சிறப்பைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. பாதைக்கான செலவை யார் ஏற்றார்கள், அந்தச் செலவு எப்படிப் பங்கிடப்பட்டது என்பதும் அதற்கு இணையான வரலாறே. நடப்பவர்களில் பெரும்பாலோர் வெளியூரினர். அவர்கள் நடந்து முடித்த பின் பாதையைக் கூட்டிப் பெருக்க வேண்டியவர்கள் உள்ளூரினர். பயன் ஒரு பக்கமும் சுமை இன்னொரு பக்கமும் இருக்கும்போது செலவை எப்படிப் பங்கிடுவது என்ற கேள்வி இந்தப் பாதையோடு நெடுங்காலமாகக் கூடவே வந்திருக்கிறது.

பாதையும் எல்லைகளும்

அண்ணாமலை 2,668 அடி உயரம் உடையது. மலையின் கிழக்கு அடிவாரத்தில் அருணாசலேசுவரர் கோயிலும் நகரமும் உள்ளன. கோயிலிலிருந்து புறப்பட்டு மலையை வலமாகச் சுற்றுபவர்கள் முதலில் தெற்கே செங்கம் சாலையில் நடக்கிறார்கள். சேஷாத்திரி சுவாமிகள் ஆசிரமமும் இரமணாசிரமமும் இந்தச் சாலையில் உள்ளன. புதுச்சேரியையும் கிருஷ்ணகிரியையும் இணைக்கும் நெடுஞ்சாலையும் இதுவே. ஆகவே பாதையின் தொடக்கப் பகுதியில் நடப்பவர்களும் தொலைதூரப் பேருந்துகளும் ஒரே வழியைப் பகிர்ந்துகொள்ள வேண்டியுள்ளது.

அதன்பின் வழி செங்கம் சாலையிலிருந்து பிரிந்து மலையின் மேற்குப் புறத்துக்குத் திரும்புகிறது. அங்கு, பாதித் தொலைவைக் கடந்த நிலையில், அடி அண்ணாமலை என்னும் ஊர் வருகிறது. மலையின் அடியில் இருப்பதால் அடி அண்ணாமலை என்றும், அங்குள்ள கோயில் பழமையானது என்ற நம்பிக்கையால் ஆதி அண்ணாமலை என்றும் இவ்வூரை அழைக்கின்றனர். மாணிக்கவாசகர் திருவெம்பாவையை இங்கு இயற்றினார் என்பது மரபு. அவருக்குத் தனிக் கோயிலும் இங்கு உண்டு. இங்கிருந்து வாயு லிங்கம், குபேர லிங்கம், ஈசானிய லிங்கம் வழியாகப் பாதை மீண்டும் நகரத்தை அடைகிறது.

இந்த 14 கி.மீ.க்குள் பாதை பல நிர்வாகங்களைத் தொட்டுச் செல்கிறது. நகரப் பகுதி நகராட்சியின் பொறுப்பில் இருந்தது. மேற்கிலும் வடக்கிலும் அடி அண்ணாமலை உள்ளிட்ட ஊராட்சிகள் இருந்தன. மலைப்பக்கம் வனத்துறைக்கு உரியது. சாலை நெடுஞ்சாலைத் துறைக்கும், கோயில்கள் இந்து சமய அறநிலையத் துறைக்கும் உரியவை. நடப்பவருக்கு இது ஒரே வழி. கணக்கு எழுதுபவருக்கு இது பல துண்டுகள்.

கல்வெட்டுக் காலம்: கட்டுபவரே காப்பதற்கும் வைத்த நிதி

இடைக்காலத்தில் வழிகளுக்கும் வழிப்போக்கர் வசதிகளுக்கும் பணம் தர ஒரே கருவூலம் இருக்கவில்லை. அரசர், அதிகாரி, வணிகர், ஊர்ச்சபை, தனியார் என ஒவ்வொருவரும் ஒரு பகுதியை ஏற்றனர். ஒருவர் குளம் வெட்டினார். இன்னொருவர் மண்டபம் கட்டினார். வேறொருவர் தண்ணீர்ப் பந்தல் வைத்தார். கிரிவலப் பாதையின் ஓரத்தில் இன்றும் காணப்படும் பழைய குளங்களும் மண்டபங்களும் இந்த முறையை நினைவூட்டுகின்றன.

இந்த முறையில் கவனிக்க வேண்டியது, கட்டும் செலவோடு காக்கும் செலவும் சேர்த்தே தரப்பட்டது என்பதாகும். இதற்குத் தெளிவான சான்று இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்திலேயே, செய்யாற்றுப் பகுதியிலுள்ள உக்கல் என்னும் ஊரில் கிடைக்கிறது. முதலாம் இராசராசன் காலத்தில் அரசனின் பணியாளர் ஒருவர் அவ்வூர்ப் பெருவழியின் அருகே அரசன் பெயரால் கிணறும் தொட்டியும் அமைத்துத் தண்ணீர்ப் பந்தல் வைத்தார். அதைக் கூறும் கல்வெட்டு கிணறு வெட்டியதைச் சொல்வதோடு நிற்கவில்லை. நீர் இறைப்பவருக்கும், பந்தலில் நீர் வழங்குபவருக்கும், பானை கொடுப்பவருக்கும் எவ்வளவு நெல் என்று வகுக்கிறது. கிணற்றிலும் தொட்டியிலும் விரிசல் விழுந்தால் சீர் செய்வதற்கும் பங்கு ஒதுக்குகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட பராமரிப்புத் திட்டம் என்றே இதைச் சொல்லலாம்.

கோயில் விளக்குகளுக்கும் இதே நெறி இருந்தது. நந்தா விளக்கு எரிக்க விரும்பியவர் ஆடுகளை அளித்தார். அவை 'சாவா மூவாப் பேராடு' எனப்பட்டன. ஆடுகளைப் பெற்ற இடையர் நாள்தோறும் அளவிட்ட நெய்யைக் கோயிலுக்குத் தந்தார். மந்தையில் இறப்பும் பிறப்பும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் முதல் குறையாது என்பது இதன் கணக்கு. வட்டியைச் செலவு செய்து முதலைக் காப்பது என்று இன்றைய அறக்கட்டளைகள் சொல்வதும் இதுவே.

வட்டாரம் முழுவதும் பங்கிட்டுத் தரும் முறையும் அக்காலத்தில் இருந்தது. நாட்டார், வணிகக் குழுவினர் ஆகியோர் தமக்குள் உடன்பட்டு வரி விதித்துக்கொண்டனர். சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலையிலுள்ள 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில், வணிகக் குழுவினர் தாம் கையாளும் சரக்குகளின்மீது இவ்வளவு என்று விதித்துக்கொண்டு கோயில் பணிக்குத் தந்த செய்தி உள்ளது. இது பட்டணப் பகுடி எனப்பட்டது. எந்த வழியால் வணிகம் நடந்ததோ அந்த வணிகத்திலிருந்தே பொதுப்பணிக்கும் பங்கு வந்தது.

ஊர்ச்சபைகள் பணிகளை வாரியங்களாகப் பிரித்து நடத்தியதை உத்திரமேரூர்க் கல்வெட்டுகளால் அறிகிறோம். வேறு ஊர்களின் கல்வெட்டுகளில் தடிவழி வாரியம் என்ற பெயரும் வருகிறது. வயல்களையும் வழிகளையும் கவனித்த குழு என்று ஆய்வாளர்கள் இதற்குப் பொருள் கொள்கின்றனர். தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் காதக் கற்களில் தொலைவு எண்ணால் எழுதப்பட்டிருப்பதோடு குழிகளாகவும் பொறிக்கப்பட்டுள்ளது. எழுதப் படிக்கத் தெரியாத வழிப்போக்கரும் குழிகளை எண்ணித் தொலைவை அறியலாம். வழி அமைத்தவர்கள் நடப்பவரை மனத்தில் வைத்திருந்தார்கள் என்பதற்கு இது அடையாளம்.

தலைக்கட்டு வரியும் மகமையும்

அரசர் காலம் மறைந்த பின்னும் இரண்டு பழக்கங்கள் தமிழக ஊர்களில் தொடர்ந்தன. ஒன்று தலைக்கட்டு வரி. ஊர்த் திருவிழா, கோயில் திருப்பணி போன்றவற்றுக்கு ஒவ்வொரு குடும்பத் தலைவரும் சம பங்கு தருவது இது. நகரத்தார் இதைப் புள்ளி வரி என்பர். திருமணமான ஓர் ஆண் மகனின் குடும்பம் ஒரு புள்ளியாகும். இரண்டாவது மகமை. வணிகர் தம் வியாபாரத்தில் ஒரு சிறு பகுதியைப் பொதுச் செலவுக்கு ஒதுக்குவது இது. சத்திரம், பள்ளி, கோயில் எனப் பல பணிகள் மகமையால் நடந்துள்ளன.

இவ்விரண்டும் வெவ்வேறு நியாயங்களின்மேல் நிற்கின்றன. தலைக்கட்டு வரியில் எல்லோரும் சமம். ஏழைக்கும் செல்வருக்கும் ஒரே தொகை. மகமையில் அதிகம் விற்பவர் அதிகம் தருகிறார். கிரிவலப் பாதையைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு முக்கியமானது. பௌர்ணமி இரவில் நகரத்தின் விடுதிகளும் உணவகங்களும் கடைகளும் நல்ல வருவாய் ஈட்டுகின்றன. மேற்குப் புறத்து ஊர்களுக்கு அந்த அளவு வருவாய் இல்லை. ஆனால் கூட்டம் அவ்வூர்களின் வழியாகவும் அதே அளவில் செல்கிறது. தலைக்கு இவ்வளவு என்று பங்கிட்டால் மேற்குப் புறத்தார்க்கு இழப்பு. வருவாய்க்கு ஏற்பப் பங்கிட வேண்டுமானால் நகரமும் ஊர்களும் ஒரே கணக்கில் வர வேண்டும்.

சாலை வரியும் 1886ஆம் ஆண்டின் எல்லைக்கோடும்

சென்னை மாகாணத்தில் சாலைகளுக்கென்று வட்டார அளவில் பணம் திரட்டும் முறை 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சட்டமானது. 1866ஆம் ஆண்டில் மாவட்டச் சாலை வரிச் சட்டம் வந்தது. 1871ஆம் ஆண்டின் உள்ளாட்சி நிதிச் சட்டம் நிலத்தின்மீது ஒரு கூடுதல் தீர்வையை விதித்தது. அதிலிருந்து சாலை, பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றுக்குச் செலவிடப்பட்டது. 1884ஆம் ஆண்டின் உள்ளாட்சி வாரியச் சட்டத்தால் மாவட்ட வாரியம், தாலுகா வாரியம், யூனியன் பஞ்சாயத்து என்ற மூன்று அடுக்குகள் ஏற்பட்டன.

இந்த ஏற்பாட்டில் ஒரு நன்மை இருந்தது. ஓர் ஊர்ச் சாலைக்கு அந்த ஊர் மட்டும் பணம் தர வேண்டியதில்லை. தாலுகா முழுவதிலும் நிலம் உடையவர்களிடமிருந்து திரண்ட பணம் எந்த ஊர்ச் சாலைக்கும் செல்லலாம். பிராந்திய அளவில் செலவைப் பங்கிடுதல் என்று இன்று சொல்லப்படுவதன் தொடக்க வடிவம் இது.

ஒரு குறையும் இருந்தது. திருவண்ணாமலை 1886இல் நகராட்சியானது. நகராட்சிக்குத் தனி வரி, தனிச் சட்டம், தனி வரவு செலவு. அதற்கு வெளியே இருந்த பகுதிகள் வாரியங்களின் கீழ் இருந்தன. இவ்வாறு மலையைச் சுற்றிய ஒரே வழியின் குறுக்கே ஒரு நிர்வாகக் கோடு விழுந்தது. வீடுகளும் கடைகளும் மிகுந்த கிழக்குப் பகுதியின் வரி நகராட்சிக்குச் சென்றது. அடி அண்ணாமலை போன்ற ஊர்கள் நிலத் தீர்வையை நம்பி நின்றன. தாலுகா வாரியங்கள் 1934இல் ஒழிக்கப்பட்டன. 1958ஆம் ஆண்டின் பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பின் மாவட்ட வாரியங்களும் மறைந்து ஊராட்சி ஒன்றியங்கள் வந்தன. அடுக்குகள் மாறினாலும் நகருக்கும் ஊர்களுக்கும் இடையிலான கோடு மாறவில்லை.

திருவிழா ஊர்களின் சுமையைச் சட்டம் முற்றிலும் மறந்துவிடவில்லை. 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் என்றே ஓர் அத்தியாயத்தை ஒதுக்கியது. கூட்டம் கூடுமிடத்தில் குடிநீர், கழிப்பிடம், நோய்த் தடுப்பு ஆகியவை உள்ளாட்சியின் கடமைகள் என்று அது கருதியது. 1956இல் மத்திய அரசு இயற்றிய இரயில் பயணிகள் முனைய வரிச் சட்டம், யாத்திரைத் தலங்களுக்கும் திருவிழாக்களுக்கும் வரும் இரயில் பயணிகளிடம் வரி வாங்க வழி செய்தது. வருபவரும் ஒரு பங்கு தர வேண்டும் என்ற கொள்கை இதில் உள்ளது. எனினும் கிரிவலம் வருபவர்களில் மிகப் பலர் பேருந்தில் வருபவர்கள்.

மோட்டார் வந்தபின் மாறிய கணக்கு

சாலைகளின் வரலாற்றில் 1931 ஒரு திருப்பம். அதற்கு முன் உள்ளாட்சிகள் சுங்கச் சாவடிகளில் வண்டிகளிடம் கட்டணம் வாங்கின. அவ்வாண்டில் வந்த சென்னை மோட்டார் வாகன வரிச் சட்டம் அந்தச் சுங்கத்தை நீக்கியது. மோட்டார் வண்டிகளின்மீது மாகாணம் வரி விதித்து, அதிலிருந்து உள்ளாட்சிகளுக்கு ஈடு கொடுத்தது. சாவடிதோறும் நிற்கும் தொல்லை தீர்ந்ததால் இது பலருக்கும் நன்மையாக அமைந்தது.

இதனால் மெல்ல மெல்ல வேறொரு விளைவும் ஏற்பட்டது. சாலைக்கான பணம் மோட்டார் வண்டியிலிருந்து வரத் தொடங்கியதும், சாலை மோட்டார் வண்டிக்கானது என்ற எண்ணம் வலுப்பெற்றது. நடப்பவர் வாகன வரி செலுத்துவதில்லை. மிதிவண்டிக்காரரும் செலுத்துவதில்லை. ஆகவே அவர்களின் தேவை திட்டங்களின் ஓரத்துக்குச் சென்றது. சாலையின் அகலம், வளைவு, தளம் அனைத்தும் வாகனத்தின் வேகத்தைக் கொண்டு அளக்கப்பட்டன.

மிதிவண்டி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தமிழகத்தில் 2001ஆம் ஆண்டில் மாணவியருக்கு இலவச மிதிவண்டி வழங்கும் திட்டம் தொடங்கி, பின்னர் அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்கள் அனைவருக்கும் விரிந்தது. ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான மிதிவண்டிகள் வழங்கப்பட்டன. வண்டிக்கு அரசு பணம் ஒதுக்கியது. அந்த வண்டி பாதுகாப்பாகச் செல்வதற்கான தனி வழிக்கு அதே அளவில் எந்தக் கணக்கிலும் இடம் கிடைக்கவில்லை.

பௌர்ணமிக் கூட்டமும் உபயதாரர்களும்

இரமண மகரிஷி 1896இல் திருவண்ணாமலைக்கு வந்தார். 1926 வரை அவர் அடிக்கடி கிரிவலம் சென்றார். அன்பர்களையும் வலம் வரும்படி கூறினார். அக்காலத்தில் மலையைச் சுற்றி நடந்தவர்கள் குழுக்களாகவே இருந்தனர். 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிலைமை முற்றிலும் மாறியது. 1989இல் திருவண்ணாமலை தனி மாவட்டத்தின் தலைநகரானது. பேருந்து வசதி பெருகியது. நாளிதழ்களும் தொலைக்காட்சியும் பௌர்ணமி கிரிவலத்தைப் பரவலாக அறியச் செய்தன. 1990களில் மாதந்தோறும் பெருங்கூட்டம் வரத் தொடங்கியது.

இந்தக் கூட்டத்துக்குரிய வசதிகள் பல கைகளால் ஏற்பட்டன. விளக்கு, குடிநீர், கழிப்பறை, ஓய்விடம் ஆகியவற்றை அரசுத் துறைகளும் கோயிலும் ஆசிரமங்களும் உபயதாரர்களும் பிரித்துக்கொண்டனர். அன்னதானம் பெரும்பாலும் தனியார் கொடையால் நடக்கிறது. மலையைப் பசுமையாக்கும் பணியில் தன்னார்வ அமைப்புகள் 1980களின் இறுதியிலிருந்து ஈடுபட்டன. மரக் கன்றுகளும் தண்ணீர்ப் பந்தல்களும் பழைய அறச்செயல்களின் தொடர்ச்சியாகவே மக்களால் கருதப்பட்டன.

பழைய முறைக்கும் புதிய முறைக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. உக்கல் கல்வெட்டில் கிணற்றோடு கிணற்றின் விரிசலுக்கும் நெல் ஒதுக்கப்பட்டது. இன்றைய உபயத்தில் கட்டடத்தின்மேல் உபயதாரர் பெயர் எழுதப்படுகிறது. ஆனால் கட்டிய கழிப்பறையை நாள்தோறும் கழுவுபவருக்கும் உடைந்த குழாயை மாற்றுபவருக்கும் நிதி சேர்ந்து வருவது அரிது. அந்தச் செலவு உள்ளாட்சியிடம் வந்து சேர்கிறது. பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் பாதையோரம் குவிந்திருக்கும் இலைகளையும் நெகிழிக் குவளைகளையும் அள்ளும் தூய்மைப் பணியாளர்களே இந்தக் கணக்கின் கடைசி வரியில் நிற்பவர்கள்.

2015: மரங்களும் சாலை அகலமும்

பணம் எந்தப் பையிலிருந்து வருகிறதோ அந்தப் பையின் நோக்கம் பாதையின் வடிவத்தையும் தீர்மானிக்கிறது என்பது 2015இல் வெளிப்பட்டது. கிரிவலப் பாதையை விரிவாக்கும் பெருந்திட்டம் ஒன்று நெடுஞ்சாலைத் துறையின் வழியாக மேற்கொள்ளப்பட்டது. அதற்காகப் பாதையோரத்து மரங்கள் வெட்டப்படத் தொடங்கின. நிழல் தந்த பழைய மரங்கள் விழுந்ததைக் கண்டு ஊர்மக்களும் ஆர்வலர்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு தானாகவே இதை விசாரணைக்கு எடுத்து, மரம் வெட்டுவதற்குத் தடை விதித்தது.

இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. பல இலட்சம் பேர் கூடும் இடத்தில் நெரிசல் உயிருக்கே ஆபத்தாகலாம். அகலமான வழி வேண்டும் என்று நிர்வாகம் கருதியது இதனால்தான். வெயிலில் வெறுங்காலுடன் நடப்பவருக்கு மர நிழலும் மண் ஓரமும் அகலத்தைவிடக் குறைந்த தேவையல்ல என்று எதிர்த்தவர்கள் கூறினர். சாலையை அகலப்படுத்துவதற்கு நெடுஞ்சாலைத் துறையிடம் அளவுகோலும் தனி நிதித் தலைப்பும் உண்டு. நிழலுக்கு எந்தத் துறையிடமும் அப்படி ஒரு தலைப்பு இல்லை. பல பைகளிலிருந்து பணம் வந்திருந்தால் பல நோக்கங்களும் மேசைக்கு வந்திருக்கும். பின்னாளில் பாதையின் ஓரங்களில் கல் பதித்த நடைமேடைகள் அமைந்தன. சாலையின் நடுப்பகுதியும் நடப்பவரின் ஓரமும் தனித்தனியாகக் கருதப்பட வேண்டும் என்ற எண்ணத்துக்கு அவை ஓரளவு வடிவம் தந்தன.

குடியிருப்போர் கணக்கும் நடப்போர் கணக்கும்

1992ஆம் ஆண்டின் 73, 74ஆம் அரசியல் சட்டத் திருத்தங்களுக்கும், 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்துக்கும் பின் உள்ளாட்சிகளுக்கு நிதிக்குழுக்கள் வழியாகப் பணம் பகிரப்படுகிறது. இந்தப் பகிர்வில் முதன்மையான அளவுகோல் மக்கள்தொகை. 15ஆவது நிதிக்குழு உள்ளாட்சி மானியத்தை மாநிலங்களிடையே பகிரும்போது மக்கள்தொகைக்கு 90 விழுக்காடும் பரப்பளவுக்கு 10 விழுக்காடும் எடை அளித்தது. மக்கள்தொகை என்பது குடியிருப்போரின் எண்ணிக்கை. ஓர் ஊரின் வழியே நடந்து செல்பவர்களின் எண்ணிக்கை அதில் சேராது.

யாத்திரைத் தலத்தை ஒட்டிய சிற்றூர்களுக்கு இதுவே அடிப்படைச் சிக்கல். சில ஆயிரம் பேர் வாழும் ஊருக்கு அந்தச் சில ஆயிரம் பேருக்கு உரிய மானியமே வரும். ஒரே இரவில் அதன் வழியாகப் பல இலட்சம் பேர் நடந்தாலும் தொகை மாறாது. இதை ஈடுசெய்யக் கோயில் நிதி, மாவட்ட நிர்வாகத்தின் சிறப்பு ஒதுக்கீடு, கொடை ஆகியவை தேவைப்படுகின்றன. இவை விழாவுக்கு விழா கேட்டுப் பெறுபவை.

செலவைப் பங்கிடுவதற்குத் தமிழக அரசிடம் ஒரு சட்டகம் ஏற்கெனவே உண்டு. நமக்கு நாமே திட்டம் 1990களின் இறுதியில் தொடங்கியது. பின்னர் அது நின்று, அதே போன்ற தன்னிறைவுத் திட்டம் 2011க்குப் பின் நடந்தது. 2021இல் நமக்கு நாமே திட்டம் மீண்டும் வந்தது. பொதுமக்கள் மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கைத் தந்தால் எஞ்சியதை அரசு தரும். நீர்நிலைகளைச் சீரமைப்பதற்கு மக்கள் பங்கு பாதியாகும். ஊர் மக்கள் தாமே முன்வந்து பணியைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது இதன் சிறப்பு. ஆனால் மூன்றில் ஒரு பங்கைத் திரட்ட வல்ல ஊருக்கே இது எளிதில் பயன்படும். பாதையைப் பயன்படுத்தும் வெளியூராரின் பங்கை எப்படிச் சேர்ப்பது என்பதற்கு இதில் வழி இல்லை.

பிற இடங்களின் அனுபவம்

பழனியில் மலையைச் சுற்றிய கிரிவீதி இதே சிக்கலின் இன்னொரு வடிவம். நீதிமன்ற ஆணையின்படி ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட்டு, 2024இல் அங்கு தனியார் வாகனங்கள் தடுக்கப்பட்டன. நடக்க இயலாதவர்களுக்குக் கோயில் நிர்வாகம் மின்கல வண்டிகளை இயக்குகிறது. வாகனத்தை நிறுத்தும்போது அதற்கு மாற்றாக ஒரு வசதியை யார் செலவில் தருவது என்ற கேள்வியும் உடன் எழுகிறது. அங்கு கோயில் அந்தப் பங்கை ஏற்றது.

சென்னை மாநகராட்சி 2014இல் மோட்டாரில்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை நடைபாதைக்கும் மிதிவண்டி வழிக்கும் ஒதுக்குவது அதன் இலக்கு. தியாகராய நகர் பாண்டி பசாரின் நடைபாதை வளாகம் 2019இல் திறக்கப்பட்டது. அது மத்திய அரசும் மாநிலமும் பங்கிட்டுப் பணம் தரும் சீர்மிகு நகரங்கள் திட்டத்தின்கீழ் அமைந்தது. நடப்பவர்களுக்கான பணம் சாலைப் பணத்தின் மிச்சமாக இல்லாமல் தனிப் பங்காக எழுதப்பட்டதே இவ்விரண்டின் பொது அம்சம். பெருநகரங்களுக்குக் கிடைத்த இந்த வழி சிற்றூர்களுக்கு எட்டவில்லை.

வெளிநாடுகளில், ஒரே வழி பல உள்ளாட்சிகளைக் கடக்கும் சிக்கலுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு டென்மார்க்கில் உள்ளது. கோபன்ஹேகனையும் சுற்றியுள்ள நகராட்சிகளையும் இணைக்கும் நெடுந்தொலைவு மிதிவண்டி வழிகள் கூட்டுத் திட்டமாக அமைக்கப்படுகின்றன. முதல் வழி 2012இல் ஆல்பர்ட்ஸ்லுண்டுக்குத் திறக்கப்பட்டது. ஒவ்வொரு நகராட்சியும் தன் எல்லைக்குள் உள்ள பகுதியை அமைக்கிறது. தேசிய நிதி ஒரு பங்கைத் தருகிறது. தளம், அடையாளம், பராமரிப்பு ஆகியவற்றுக்குப் பொதுவான தரத்தைக் கூட்டு அலுவலகம் கவனிக்கிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இத்தகைய பணிகளுக்கு ஒன்றிய அரசு பொதுவாக 80 விழுக்காடும் உள்ளூர் அமைப்பு 20 விழுக்காடும் தருகின்றன. அங்கும் 20 விழுக்காட்டைத் திரட்ட இயலாத சிற்றூர்கள் பின்தங்குகின்றன என்ற குறை உண்டு.

எல்லைக்கோடு அழிந்தபின்

சுற்றியிருந்த ஊராட்சிகளையும் சேர்த்துத் திருவண்ணாமலை 2024இல் மாநகராட்சியாக உயர்த்தப்பட்டது. 1886இல் விழுந்த கோடு இதனால் பெருமளவு இடம் மாறியது. நகரின் சொத்து வரியும் மேற்குப் புறத்தின் துப்புரவுச் செலவும் ஒரே வரவு செலவில் வரும் வாய்ப்பு முதல்முறையாக உருவாகியுள்ளது. மகமையின் நியாயமான, அதிகம் ஈட்டுபவர் அதிகம் தருவது என்பதற்கும் இதில் இடம் உண்டு.

ஊர்களுக்கு இதில் அச்சமும் உண்டு. ஊராட்சியாக இருந்தபோது கிராமசபையில் எழுந்து கேட்க முடிந்தது. நூறு நாள் வேலைத் திட்டம் ஊரகப் பகுதிக்கு உரியதாக இருந்தது. நகரோடு சேர்ந்தால் வரி உயரும், குரல் தேயும் என்பது தமிழகத்தில் இத்தகைய இணைப்புகளின்போது ஊர்மக்கள் எழுப்பும் முறையீடு. செலவைப் பங்கிடும்போது முடிவெடுக்கும் உரிமையையும் பங்கிடாவிட்டால் அந்த முறையீடு உண்மையாகிவிடும்.

கிரிவலப் பாதையின் நெடிய கணக்கில், அமைக்கும் செலவுக்கு எக்காலத்திலும் யாரேனும் முன்வந்துள்ளனர். மன்னரும் அதிகாரியும் வணிகரும் வாரியமும் துறையும் உபயதாரரும் தம் பங்கைத் தந்தனர். காக்கும் செலவை முன்கூட்டியே எழுதி வைத்தவர்கள் சிலரே. உக்கல் பெருவழியோரத்தில் கிணறு அமைத்தவர் அதன் விரிசலுக்கும் நெல் ஒதுக்கினார். அடி அண்ணாமலை வழியே செல்லும் பாதைக்கு அப்படி ஒரு வரி இன்னும் எழுதப்பட வேண்டியுள்ளது.